மூன்றும் பூஜ்யம் என்றால் மூன்றும் செத்துவிட்டன என்று அர்த்தமில்லை

கேள்வி: என்னிடம் இருப்பது 36 வோல்ட் மின்சார சைக்கிள். பின்சக்கரத்தில் கியர் வைத்த ஹப் மோட்டார். மூன்று ஆண்டுகளாக எந்தத் தொந்தரவும் இல்லை. போன மாதம் பின்சக்கரம் பஞ்சரானதால் சக்கரத்தைக் கழற்றி ஒட்டி மறுபடி மாட்டினேன். இரண்டு வாரம் கழித்துத் தொல்லை ஆரம்பித்தது. நின்ற இடத்தில் த்ராட்டிலைத் திருகினால் மோட்டார் கறகறவென்று உதறுகிறது, நகர்வதில்லை. காலால் நாலு மிதி மிதித்து ஓட்டம் எடுத்துவிட்டால் வழக்கம்போல் சீராக இழுக்கிறது. சில நேரம் நின்ற இடத்திலிருந்தே நன்றாகக் கிளம்புகிறது. "ஹால் சென்சார் போய்விட்டது, மோட்டாரையே மாற்றிவிடுங்கள்" என்கிறார் மெக்கானிக். நான் மோட்டார் கேபிளைத் தனியாகக் கழற்றி, பழைய செல்போன் சார்ஜரிலிருந்து 5 வோல்ட் கொடுத்து, சக்கரத்தைச் சுற்றியபடி மூன்று சிக்னல் ஒயர்களையும் மல்டிமீட்டரில் பார்த்தேன். மூன்றிலும் கிட்டத்தட்டப் பூஜ்யம். மூன்று சென்சாரும் போய்விட்டனவா? நானே மோட்டாரைத் திறந்து மாற்றலாமா? அல்லது சென்சார் தேவைப்படாத கன்ட்ரோலர் ஒன்றை வாங்கிப் போட்டுவிடலாமா?

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

முதலில் திருப்புளியைக் கீழே வையுங்கள். மோட்டாரைத் திறக்கும் கட்டம் இன்னும் வரவில்லை, வராமலே போகவும் கூடும்.

உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்த வரி, "சில நேரம் நின்ற இடத்திலிருந்தே நன்றாகக் கிளம்புகிறது" என்பது. மூன்று சென்சாரும் செத்த மோட்டார் அப்படி நல்ல மூடில் இருக்கும் நாள் பார்த்துக் கிளம்பாது. ஆகவே தப்பு சென்சாரில் இருப்பதற்கு முன்பாக உங்கள் அளவீட்டில் இருக்கிறது. வெட்கப்பட ஒன்றுமில்லை. இதே அளவீட்டை இதே முறையில் எடுத்து நல்ல மோட்டார் ஒன்றைத் திறந்தவன் நான்.

மோட்டாருக்குள் காந்தம் எங்கே நிற்கிறது என்று கன்ட்ரோலருக்கு, அதாவது மோட்டாருக்கு மின்சாரத்தைப் பங்கிட்டுத் தரும் பெட்டிக்கு, சொல்வதுதான் ஹால் சென்சாரின் வேலை. அது தானாக வோல்ட் எதையும் வெளியே தள்ளுவதில்லை. அது செய்வதெல்லாம், காந்தத்தின் ஒரு துருவம் எதிரே வரும்போது சிக்னல் ஒயரை கிரௌண்டோடு இணைப்பது, மறு துருவம் வரும்போது விட்டுவிடுவது, அவ்வளவுதான். அந்த ஒயருக்கு 5 வோல்ட் வருவது கன்ட்ரோலருக்குள் இருக்கும் ஒரு சின்ன மின்தடை வழியாக. ஒரு குடத்துக்கு மேலே மெல்லிய குழாயில் தண்ணீர் விழுந்துகொண்டே இருக்கிறது, அடியில் ஓர் அடைப்பான் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அடைப்பானைத் திறந்தால் குடம் காலி, மூடினால் நிரம்பிவிடும். குழாய் கன்ட்ரோலரில், அடைப்பான் மோட்டாரில். நீங்கள் குழாயைப் பிடுங்கிவிட்டுக் குடத்தைப் பார்த்திருக்கிறீர்கள். அடைப்பான் நன்றாக இருந்தாலும் உடைந்திருந்தாலும் குடம் காலியாகத்தான் தெரியும்.

இரண்டாவது ஒரு சந்தேகமும் உண்டு. சக்கரத்தை எந்தப் பக்கம் சுற்றினீர்கள்? கியர் வைத்த ஹப் மோட்டாரில் உள்ளே ஒருவழி கிளட்ச் இருக்கிறது. சக்கரத்தை முன்னோக்கிச் சுற்றினால் வெளிக்கூடு மட்டும் சுற்றும். உள்ளே காந்தம் அசையாது. சென்சாருக்கு எதிரே காந்தம் நகராவிட்டால் அது எதைச் சொல்லும்? பின்னோக்கித்தான் சுற்ற வேண்டும். பின்சக்கரம் என்பதால் பெடலும் சேர்ந்து பின்பக்கம் சுழலும், முழங்காலில் இடித்துக்கொள்ளாதீர்கள்.

இப்போது சரியாக அளப்போம். உங்களிடம் 5 வோல்ட் சார்ஜர் ஏற்கெனவே இருக்கிறது. இன்னும் வேண்டியவை மூன்று எல்இடி விளக்குகள், மூன்று 1 கிலோ ஓம் மின்தடைகள். ஒவ்வொரு எல்இடிக்கும் ஒரு மின்தடையைத் தொடராகச் சேர்த்து, அதன் நீளக் கால் 5 வோல்ட் பக்கமும், குட்டைக் கால் சிக்னல் ஒயர் பக்கமும் வரும்படி இணையுங்கள். சென்சார் ஒயரை கிரௌண்டோடு இணைக்கும்போது விளக்கு எரியும், விடும்போது அணையும். அந்த மின்தடையும் விளக்கும் சேர்ந்தே கன்ட்ரோலரின் குழாய் வேலையைச் செய்துவிடுகின்றன. மல்டிமீட்டரைவிட இதை நான் விரும்புவதற்குக் காரணம், மூன்றையும் ஒரே பார்வையில் பார்க்கலாம் என்பதுதான்.

சிவப்பு 5 வோல்ட், கறுப்பு கிரௌண்ட், மஞ்சள் பச்சை நீலம் மூன்றும் சிக்னல் என்பது பெரும்பாலான மோட்டார்களில் உள்ள வழக்கம். மோட்டாரின் சுருள்களுக்கு மின்சாரம் கொண்டுபோகும் தடித்த ஃபேஸ் ஒயர்களும் இதே மஞ்சள், பச்சை, நீலத்தில்தான் வரும், குழப்பிக்கொள்ளாதீர்கள். வெள்ளை நிறத்தில் ஆறாவதாக ஒரு மெல்லிய ஒயர் இருந்தால் அது வேகத்தையோ வெப்பத்தையோ சொல்வது. இந்தச் சோதனையில் அதைத் தொட வேண்டாம். சிவப்பையும் கறுப்பையும் மாற்றிக் கொடுத்துவிட்டால் நல்ல சென்சாரும் போய்விடலாம். ஆகவே இணைத்துவிட்டு, சார்ஜரைச் சொருகும் முன் இன்னொரு முறை பாருங்கள்.

சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி வைத்து மெல்லப் பின்னோக்கி நகர்த்துங்கள். மெல்ல என்றால் உண்மையிலேயே மெல்ல. உள்ளே கியர் இருப்பதால் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் காந்தம் பல சுற்றுச் சுற்றிவிடும். விளிம்பில் ஓரிரு விரல்கடை நகர்த்தினாலே ஒரு விளக்கு நிலை மாறிவிடும். இதே காரணத்தால்தான் மல்டிமீட்டரை வைத்துக்கொண்டு சக்கரத்தை வேகமாகச் சுற்றுகிறவர்களுக்கு 2.5 வோல்ட் என்று வந்து நிற்கிறது. மீட்டரால் அத்தனை வேகத்தில் மாறும் அளவைக் காட்ட முடியாது, சராசரியைக் காட்டுகிறது. அந்த 2.5 உண்மையில் நல்ல செய்தி. அதைப் பார்த்து "சென்சார் பாதிதான் வேலை செய்கிறது" என்று முடிவுகட்டியவர்களை நான் சந்தித்திருக்கிறேன்.

விளக்கு எரிவதை 0 என்றும் அணைவதை 1 என்றும் வைத்து, நிலைகளைத் தாளில் வரிசையாக எழுதுங்கள். நல்ல மோட்டாரில் 101, 100, 110, 010, 011, 001 என்று ஆறு நிலைகள் வந்து திரும்ப முதலிலிருந்து தொடங்கும். எதிர்த் திசையில் வரலாம், வேறு இடத்திலிருந்து தொடங்கலாம், அதனால் பரவாயில்லை. ஒவ்வொரு தாவலிலும் ஒரே ஓர் எண்தான் மாறும். 111, 000 இரண்டும் வரவே கூடாது. சென்சார்கள் 60 டிகிரி கணக்கில் வைக்கப்பட்ட சில பழைய மோட்டார்களில் மட்டும் அவை வரும்; உங்களுடையது மூன்று வருட மோட்டார், அந்தக் கவலை வேண்டாம்.

உங்கள் சைக்கிளின் விசித்திரமான நடத்தைக்கும் விளக்கம் இந்தத் தாளிலேயே இருக்கிறது. முதல் எண்ணைத் தரும் ஒயர் எப்போதும் 1 என்றே நின்றுவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். ஆறில் 101, 100, 110 ஆகிய மூன்று நிலைகளில் அது 1 ஆகத்தான் இருக்க வேண்டும், ஆகவே கன்ட்ரோலருக்குச் சரியான தகவல் போகிறது. 010 என்பது 110 ஆகவும், 001 என்பது 101 ஆகவும் தெரியும், இரண்டும் பொய். 011 என்பது 111 ஆகத் தெரியும். அது கன்ட்ரோலருக்குப் புரியாத நிலை. அதாவது மூன்று இடத்தில் சரி, இரண்டு இடத்தில் பொய், ஓர் இடத்தில் குழப்பம். மோட்டார் சரியான இடத்தில் நின்றிருந்தால் அங்கிருந்து ஓர் உந்து கிடைக்கும், அந்த வேகத்திலேயே தவறான இடங்களையும் தாண்டிவிடும். பொய் சொல்லும் இடத்தில் நின்றிருந்தால் கன்ட்ரோலர் தவறான சுருளுக்கு மின்சாரம் தரும், மோட்டார் முன்னும் பின்னும் உதறும். ஓட்டம் எடுத்த பிறகு சீராவது ஏன் என்றால், பல கன்ட்ரோலர்கள் வேகம் வந்ததும் சென்சாரை நம்பாமல், சுருள்களில் உண்டாகும் மின்னழுத்தத்தை வைத்தே காந்தத்தின் இடத்தைக் கணித்துக்கொள்ளும்.

ஓட்டத்தில் சீராகிறது என்பதால் இன்னொரு சந்தேகநபரையும் ஏறக்குறைய விடுவித்துவிடலாம். ஃபேஸ் ஒயர் மூன்றில் ஒன்று கழன்றிருந்தாலும் இதேபோல்தான் உதறும், பலர் அதைத்தான் சென்சார் என்று நினைத்து மோட்டாரைத் திறக்கிறார்கள். ஆனால் ஃபேஸ் போன மோட்டார் ஓடும்போதும் கரகரத்துக்கொண்டேதான் இருக்கும், இழுவையும் இருக்காது. இருந்தாலும் ஒரு நிமிடச் சோதனைதான், செய்துவிடுங்கள். மோட்டார் கேபிள் கழற்றிய நிலையில் சக்கரம் பின்னோக்கி இலேசாகச் சுற்ற வேண்டும். ஃபேஸ் முனைகளில் இரண்டிரண்டாக ஒரு துண்டு ஒயரால் சேர்த்துவிட்டுச் சுற்றினால் தடுப்பது போல் இறுக்கம் தெரியும். மஞ்சள்–பச்சை, பச்சை–நீலம், நீலம்–மஞ்சள் மூன்று ஜோடிகளிலும் இறுக்கம் ஒரே மாதிரி இருந்தால் சுருள்கள் நலம். ஓம் மீட்டரில் அளந்து பார்க்கலாமே என்று கேட்பீர்கள். அந்தச் சுருள்களின் மின்தடை ஓர் ஓமுக்கும் மிகக் குறைவு, சாதாரண மீட்டரில் எல்லாமே ஷார்ட் போலத்தான் தெரியும்.

சரி, விளக்குகளுக்கு வருவோம். எனக்கு முக்கியமாகப் படுவது பஞ்சர் ஒட்டிய கதை. ஹப் மோட்டாரின் எல்லா ஒயர்களும் குடைந்த அச்சு வழியாகத்தான் வெளியே வருகின்றன. அச்சு முனையில் அவை வளைந்து திரும்பும் இடம்தான் மொத்த வண்டியிலும் மிகவும் பலவீனமான இடம். சக்கரத்தை மாட்டும்போது கேபிள் முறுக்கிக்கொண்டாலோ, நாக்கு வைத்த வாஷர் அதன் பள்ளத்தில் சரியாக உட்காராமல் போனாலோ, நட்டை முழுதாக முறுக்காமல் விட்டாலோ, மோட்டார் ஒவ்வொரு முறை உதைக்கும்போதும் அச்சு ஓர் இம்மி திரும்பி, அந்தக் கூரான விளிம்பு கேபிளை அரிக்கும். உடனே அறுந்துபோகாது; இரண்டு வாரம் எடுத்துக்கொள்ளும். உங்கள் இரண்டு வாரக் கணக்கு என்னை அங்கேதான் இழுக்கிறது.

ஆகவே விளக்குகள் இணைந்திருக்கும்போதே, ஒரு கையால் அச்சு முனையில் கேபிளை மெல்ல அப்படியும் இப்படியும் வளையுங்கள். சக்கரம் அசையாமல் இருக்கும்போது ஒரு விளக்கு மினுங்கினால் குற்றவாளி அகப்பட்டுவிட்டான். பிறகு கனெக்டரையும் அப்படியே ஆட்டிப் பாருங்கள். ஒன்பது முனைகள் கொண்ட உருண்டைக் கனெக்டராக இருந்தால், அதன் மேல் பதித்திருக்கும் கோடு வரை முழுதாக உள்ளே தள்ளப்பட்டிருக்கிறதா, ஏதாவது முனை வளைந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். சக்கரம் கழற்றி மாட்டியபோது அதையும் கழற்றியிருப்பீர்கள்.

ஒரு விளக்கு எந்நேரமும் எரியாமலே இருந்தால் அந்த சிக்னல் ஒயர் அறுந்திருக்கிறது, அல்லது அந்தச் சென்சார் போய்விட்டது. ஒயர் அறுந்தாலும் குடம் நிரம்பியே இருக்கும் என்பதை மறக்காதீர்கள். எந்நேரமும் எரிந்துகொண்டே இருந்தால் அந்த ஒயர் கிரௌண்டோடு எங்கோ ஒட்டிக்கொண்டிருக்கிறது, இல்லையென்றால் சென்சார் உள்ளே ஷார்ட். மூன்றும் செயலற்றுப் போனால் சென்சார்களைவிட அவற்றுக்குப் பொதுவான சிவப்பையும் கறுப்பையும்தான் நான் முதலில் சந்தேகிப்பேன். மூன்று பேர் ஒரே நாளில் காய்ச்சலில் படுத்தால் தண்ணீரைச் சோதிப்பதில்லையா, அதுபோல.

மூன்றும் அழகாக மாறி, எவ்வளவு ஆட்டினாலும் மினுங்காமல் இருந்தால் மோட்டாரை விட்டுவிட்டுக் கன்ட்ரோலர் பக்கம் போங்கள். மோட்டார் கேபிளைக் கழற்றிய நிலையிலேயே பேட்டரியை இயக்கி, கன்ட்ரோலரிலிருந்து வரும் ஹால் ஒயர்களை அளக்க வேண்டும். கறுப்புக்கும் சிவப்புக்கும் இடையே 4.3 முதல் 5 வோல்ட் வரை எது வந்தாலும் சரி. கறுப்புக்கும் ஒவ்வொரு சிக்னல் ஒயருக்கும் இடையே மூன்றிலும் ஒரே மாதிரி, ஏறக்குறைய 5 வர வேண்டும். இரண்டில் 5 வந்து ஒன்றில் மட்டும் பூஜ்யமோ அரையோ வந்தால் கோளாறு கன்ட்ரோலரில். மோட்டாரை மாற்றியிருந்தால் புது மோட்டாரும் இதே உதறலைத்தான் உதறியிருக்கும்.

இந்த அளவீட்டில் மட்டும் கவனம் தேவை. 36 வோல்ட் பேட்டரி முழுதாக ஏறியிருக்கும்போது 42 வோல்ட் இருக்கும். மீட்டர் முனை வழுக்கி, பேட்டரி மின்சாரம் ஓடும் ஒயரையும் ஹால் ஒயரையும் சேர்த்துத் தொட்டுவிட்டால் 5 வோல்ட் தாங்கும் இடத்துக்குள் 42 வோல்ட் பாயும். நான் ஒரு முறை அப்படி வழுக்கவிட்டிருக்கிறேன். கன்ட்ரோலர் சத்தம்கூடப் போடாமல் செத்தது. மீட்டர் முனைகளின் நுனியில் ஒரு மில்லிமீட்டர் விட்டு மற்றதை டேப் சுற்றிவிட்டு வேலை செய்யுங்கள். அளக்கும்போது த்ராட்டிலைத் தொடாதீர்கள். எந்தக் கனெக்டரைக் கழற்றவோ மாட்டவோ வேண்டுமென்றாலும் பேட்டரியை முதலில் வெளியே எடுத்துவிடுங்கள்.

கேபிளில்தான் கோளாறு என்று தெரிந்தால், உரித்த இடத்தை டேப் சுற்றி மூடிவிடாதீர்கள். மெல்லிய ஹால் ஒயர்களும் தடித்த ஃபேஸ் ஒயர்களும் அந்த அச்சுக்குள் நெருக்கியடித்துக்கொண்டிருக்கின்றன. இன்சுலேஷன் தேய்ந்து ஃபேஸ் ஒயர் ஹால் ஒயரைத் தொட்டால், நான் மேலே சொன்ன 42 வோல்ட் விபத்து தானாக நடக்கும், சென்சாரும் கன்ட்ரோலரும் சேர்ந்து போகும். கடிதத்தின் தொடக்கத்தில் நல்ல மோட்டாரைத் திறந்தேன் என்றேனே, அன்று அத்தோடு நிற்கவில்லை. மூன்று புதுச் சென்சார்களை வைத்து மூடி, ஓட்டிப் பார்த்தால் அதே உதறல். கேபிள் அச்சு முனையில் அரிபட்டிருந்தது. அரை நாள் வேலையும் மூன்று சென்சாரும் வீண். கேபிளை மாற்ற மோட்டாரின் பக்கமூடியைத் திறக்கத்தான் வேண்டும், ஆனால் சென்சாரைத் தொட வேண்டியதில்லை.

உண்மையிலேயே சென்சார் போயிருந்தால் மாற்ற முடியும், அதற்காக மோட்டாரை எறிய வேண்டியதில்லை. ஒன்று போனாலும் மூன்றையும் மாற்றிவிடுவேன். ஒரே வெப்பத்தில் ஒரே காலம் வெந்தவை அவை. 41 என்று எண் பொறித்த வகை பரவலாகப் பயன்படுவது. ஒரு துருவம் வந்தால் பிடித்துக்கொண்டு மறு துருவம் வரும்வரை விடாத வகைதான் வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள். த்ராட்டிலில் இருக்கும் 49 வகையும் பார்ப்பதற்கு அச்சாக இதே போல மூன்று காலோடு இருக்கும். அது காந்தத்தின் பலத்துக்கு ஏற்பக் கொஞ்சம் கொஞ்சமாக வோல்ட்டை ஏற்றி இறக்குவது, இங்கே உதவாது. பழையதைப் பிடுங்கும் முன் எழுத்துப் பொறித்த முகம் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று புகைப்படம் எடுத்து வையுங்கள். ஒன்றைத் திருப்பி வைத்தால் அதன் 0 எல்லாம் 1 ஆகி, நீங்கள் எழுதிய வரிசையில் 111 வந்து நிற்கும். சாலிடர் இரும்பைக் காலில் ஓரிரு நொடிக்கு மேல் வைக்காதீர்கள். கால்கள் நெருக்கமானவை, ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாமல் ஒவ்வொன்றுக்கும் குழல் மாட்டுங்கள். மூடியைப் போடும் முன் அதே மூன்று விளக்குகளை இணைத்து, ஒரு சின்ன காந்தத்தின் இரு துருவங்களையும் ஒவ்வொரு சென்சார் அருகே மாற்றி மாற்றிக் காட்டிப் பாருங்கள். 1879-இல் எட்வின் ஹால் தங்கத் தகட்டில் மின்சாரத்தை ஓடவிட்டுக் காந்தத்தைக் காட்டிப் பார்த்ததும் ஏறக்குறைய இதே விளையாட்டுத்தான், அவருக்கு எல்இடி கிடைக்கவில்லை.

சென்சார் தேவைப்படாத கன்ட்ரோலர் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நிற்கும் மோட்டாரின் காந்தம் எங்கே இருக்கிறது என்று அந்த வகை கன்ட்ரோலருக்குத் தெரியாது. தட்டித் தடவித்தான் கிளம்பும். சமதரையில் முதலில் பெடலை மிதித்துவிட்டு மோட்டாரை அழைப்பவர் என்றால் பிழைத்துக்கொள்ளலாம். மேட்டில் நின்று கிளம்ப வேண்டியிருந்தால் இன்று நீங்கள் அனுபவிக்கும் உதறலையே காசு கொடுத்து வாங்கியதாகிவிடும். அரிபட்ட கேபிளை அப்படியே விட்டுவிட்டு அதை மாட்டினால் புது கன்ட்ரோலருக்கும் ஆபத்து.

வேறு கன்ட்ரோலர் எப்போதாவது மாட்ட நேர்ந்தால் நிறத்துக்கு நிறம் இணைத்துவிட்டு நம்பிவிடாதீர்கள். மூன்று ஃபேஸ், மூன்று ஹால் ஒயர்களை 36 விதமாக இணைக்கலாம். அதில் 6 மட்டுமே சரி, மூன்று முன்னோக்கி, மூன்று பின்னோக்கி. மீதியில் சில சக்கரத்தைச் சுற்றவும் செய்யும், ஆனால் முனகலோடும் மிகுந்த மின்சாரத்தோடும் சுற்றி, மோட்டாரைச் சுட்டுவிடும். தூக்கி வைத்த சக்கரம் சத்தமில்லாமல், குறைந்த ஆம்பியரில் சுற்றுகிறதா என்பதே கணக்கு.

இந்த வாரம் விளக்குச் சோதனையைச் செய்துவிட்டு மூன்று விஷயங்களை எழுதுங்கள்: தாளில் வந்த எண்வரிசை, கேபிளை வளைத்தபோது எந்த விளக்கு மினுங்கியது, கன்ட்ரோலர் பக்கம் வந்த வோல்ட். அதுவரை ஓட்ட வேண்டியிருந்தால் நின்ற இடத்தில் த்ராட்டிலைத் திருகாமல் மிதித்தே கிளம்புங்கள். அச்சு நட்டு இறுக்கமாக இருக்கிறதா என்று மட்டும் இன்றைக்கே பார்த்துவிடுங்கள்.